வீட்டில் தைத்த ஜீப் கூரை: எங்கே தொய்கிறது, எங்கே ஒழுகுகிறது, எப்படிச் சரிசெய்வது

தார்ப்பாய் வாங்கி, குழாயை வளைத்து, வீட்டுத் தையல் மிஷினிலேயே ஓட்டி ஜீப்புக்கு ஒரு துணிக்கூரை போட்டாயிற்று. போட்ட அன்றைக்கு எல்லாக் கூரையும் அழகாகத்தான் இருக்கும். முதல் மழையும் முதல் நெடுஞ்சாலை ஓட்டமும்தான் அதன் குணத்தைக் காட்டும்.

நான் இதுவரை மூன்று கூரை தைத்திருக்கிறேன். முதலாவது மெல்லிய பிளாஸ்டிக் தார்ப்பாய். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. துணி மட்டம் என்று முடிவுகட்டி, இரண்டாவதை லாரிக்குப் போடும் தடித்த பிவிசி துணியில் தைத்தேன். அதுவும் அதே மூலையில், அதே மாதிரி கிழிந்தது. அப்போதுதான் உறைத்தது. துணி எங்கே தொய்கிறது, மொத்த இழுவையையும் எந்த இடம் வாங்குகிறது என்று பார்க்காமல் துணியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் காசுதான் போகும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

நான் சொல்வது எளிய அமைப்பைப் பற்றி. முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும் ஒரு முன்விளிம்பு, பின்னால் ஒன்றிரண்டு குழாய் வளைவுகள், நடுவே இழுத்துக் கட்டிய துணி, வேண்டுமானால் பக்கவாட்டில் பிளாஸ்டிக் ஜன்னல். 1940களின் வில்லிஸ் ஜீப்பில் இருந்த கேன்வாஸ் கூரையும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: துணியைத் தாங்கும் இந்த வளைவுகள் வண்டி உருண்டால் யாரையும் காப்பாற்றாது. அதற்கு ரோல் கேஜும் (உள்ளிருப்பவரைச் சுற்றி நிற்கும் வலுவான இரும்புக்கூண்டு) சீட் பெல்ட்டும்தான் வேண்டும்.

பழுது பார்க்கத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. வண்டியை நிழலில் நிறுத்தி, கூரையைப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் விரலால் தட்டிப் பாருங்கள். விறைப்பான இடம் பறை மாதிரி ‘டம்’ என்று ஒலிக்கும். தொய்ந்த இடம் ‘தொப்’ என்று சத்தத்தை விழுங்கிவிடும். தொப் என்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவையுங்கள். அப்புறம் கோளாறுக்கு வரலாம்.

கூரை படபடக்கிறது, வேகம் கூடினால் பலூன் மாதிரி உப்புகிறது

அதிகம் பேரைப் படுத்துவது இதுதான். காற்று முன்கண்ணாடியில் மோதி மேலே ஏறுகிறது. சட்டத்தின் மேல்விளிம்பைத் தாண்டும்போது கூரையை ஒட்டி ஓடாமல் எகிறிப் போகிறது. அதனால் கூரையின் முன்பகுதிக்கு மேலே அழுத்தம் குறைகிறது. திறந்த பக்கங்கள் வழியாக நுழையும் காற்று உள்ளே அழுத்தத்தைக் கூட்டுகிறது. மேலிருந்து உறிஞ்சல், கீழிருந்து தள்ளல். 40 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ எடைக்குச் சமம். 80 கி.மீ. வேகத்தில் அதுவே 31 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஊருக்குள் சாதுவாக இருந்த கூரை நெடுஞ்சாலையில் பேயாட்டம் போடுவது இதனால்தான்.

துணியைத் தொடுவதற்கு முன் வளைவைப் பாருங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, வளைவைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். இரண்டு செ.மீ. ஆடினாலே போதும், நீங்கள் எவ்வளவு இழுத்துக் கட்டியிருந்தாலும் ஓட்டத்தில் வளைவு முன்னால் சாயும், துணி தொய்யும். இதற்கு மருந்து ஒரு நாடா. முன்கண்ணாடிச் சட்டத்தில் கட்டி, முதல் வளைவில் ஒரு சுற்று, அடுத்த வளைவில் ஒரு சுற்று என்று கொண்டுபோய், பின்னால் வண்டியின் உடலில் பக்கிள் போட்டு முறுக்குங்கள். துணிக்கு அடியில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. 38 மி.மீ. அகலம் இருந்தால் தாராளம். பாலியஸ்டர் நாடாவாகப் பாருங்கள். நைலான் நாடா வலுவானதுதான், ஆனால் நனைந்தால் நீளும். மழையில் விறைப்பு வேண்டும் என்று கட்டிய நாடா மழையிலேயே கைவிடும்.

வளைவுக்குத் தண்ணீர்க் குழாயாக வரும் பிவிசி பைப்பைப் போட்டிருந்தால், கடும் வெயிலில் அது இளகித் தொங்கும். பார்க்கத் துணி நீண்ட மாதிரி இருக்கும், உண்மையில் குழாய் தாழ்ந்திருக்கும். சட்டத்திலிருந்து வளைவின் நடு உயரத்தைக் காலையிலும் மதியத்திலும் அளந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 20 அல்லது 25 மி.மீ. இரும்புக் குழாய்க்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. குழாய்க்குள் கம்பி விடுவது, இரண்டு குழாயைச் சேர்த்துக் கட்டுவது எல்லாம் நானும் செய்து பார்த்ததுதான்.

வளைவு ஆடவில்லை என்றால் முன்விளிம்புக்கு வாருங்கள். அங்கே ஒரு விரல் நுழைகிற சந்து இருந்தாலும் காற்று அதைப் பிடித்துக்கொண்டு துணியைத் தூக்கும். விளிம்புக்குள் கயிறு வைத்துத் தைத்து, சட்டத்தில் திருகிய அலுமினியக் காடிக்குள் (நீளவாக்கில் பள்ளம் ஓடும் பட்டை) பக்கவாட்டிலிருந்து நுழைப்பதுதான் சிறந்த வழி. விளிம்பு முழுவதும் ஒரே சீராகப் பிடித்துக்கொள்ளும். காடி கிடைக்காவிட்டால் துணியின் மேல் ஒரு தட்டைப் பட்டையை வைத்துத் திருகி அழுத்துங்கள். டிச் பட்டன் மட்டும்தான் என்றால் 10 செ.மீ.க்கு ஒன்று வைத்தாலும், பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே காற்று வாய் திறக்கத்தான் செய்யும்.

பக்க ஓரங்கள் மட்டும் துடிக்கின்றன என்றால் காரணம் வேறு. இரண்டு கட்டுகளுக்கு நடுவே ஓரத்தை நேர்க்கோடாக வெட்டியிருப்பீர்கள். நேர் ஓரத்தை எவ்வளவு இழுத்தாலும் நடுப்பகுதிக்கு இழுவை போய்ச் சேராது. ஓரத்தை உள்ளே குழிந்த வில்லாக வெட்ட வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்கு நடுவில் 4 அல்லது 5 செ.மீ. குழிவு போதும். அந்த ஓரத்தை மடித்து உள்ளே ஒரு நாடா வைத்துத் தைத்தால், நாடாவை இழுக்கும்போது துணியும் விறைக்கும். கூடாரம் தைப்பவர்கள் கையாளும் உத்தி இது.

எலாஸ்டிக் கொக்கிக் கயிறால் கூரையைக் கட்டியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். நிறுத்தியிருக்கும்போது பிரமாதமாக விறைக்கும். காற்று தூக்கும்போது நீண்டு கொடுக்கும், விட்டதும் சுண்டி இழுக்கும், துணி சாட்டை மாதிரி அடித்துக்கொள்ளும். எலாஸ்டிக் உள்ளே சாமான் கட்ட நல்லது.

சரிசெய்து முடிக்கும்வரை கூரையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டே ஓட்டுங்கள். பிய்ந்தால் அது பின்னால் வருபவரின் முன்கண்ணாடியில்தான் போய் விழும்.

மழை விட்ட பிறகும் கூரையில் குளம்

ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. ஆழம் தண்ணீர் நின்றால் அது 50 லிட்டர், 50 கிலோ. அந்தப் பாரத்தில் துணி இன்னும் தொய்யும், தொய்ந்த இடத்தில் அடுத்த மழைக்கு இன்னும் அதிகம் தண்ணீர் சேரும். இரவு முழுக்க மழை பெய்தால் வளைவே கோணிப்போகும். அடியிலிருந்து தலையால் முட்டித் தண்ணீரைத் தள்ளுவது எல்லோரும் செய்வதுதான், ஆனால் அது சிகிச்சை ஆகாது.

இரண்டு வளைவுக்கு நடுவே உள்ள இடைவெளி 60, 70 செ.மீ.யைத் தாண்டினால் நடுவில் இன்னொரு தாங்கல் வேண்டும். மூன்றாவது வளைவு வைக்க இடமில்லை என்றால் மேலே சொன்ன நாடாவையே நடுவில் இன்னொன்று ஓட்டுங்கள். வளைவுகளின் உயரத்தையும் பாருங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் தண்ணீருக்குப் போக வழி தெரியாது. முன் வளைவைச் சற்று உயர்த்திப் பின்னால் சரிவு கொடுங்கள், அல்லது வளைவுகளின் நடு முதுகைக் கூட்டிப் பக்கங்களுக்கு வழியவிடுங்கள். துணி ஏற்கெனவே நீண்டுவிட்டிருந்தால், நடுவிலுள்ள மூட்டுத் தையலை ஒட்டி ஒரு விரல் அகலம் உள்ளே பிடித்துத் தைப்பது, கூரை முழுவதையும் பிரித்து வெட்டுவதைவிடச் சுலபம். தண்ணீர் வடியட்டும் என்று நடுவில் ஓட்டை போட்டு ஐலெட் (துளையின் ஓரத்தில் அடிக்கும் உலோக வளையம்) அடித்தவர்களும் உண்டு. ஓட்டுநர் தலைக்கு மேலே அடிக்காமல் இருந்தால் சரி.

உள்ளே சொட்டுகிறது

சொட்டுகிற இடமும் ஒழுகுகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தண்ணீர் துணியின் அடியில் ஒட்டிக்கொண்டு ஓடும், ஏதாவது ஒரு மடிப்போ நூல் முனையோ கண்டதும்தான் விழும். ஆகவே மேலே ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும், மற்றவர் பின்பக்கத்தின் தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தையலாகக் குவளையால் ஊற்றிக்கொண்டே மேலே வரட்டும். ஒரு தையலுக்கு ஒரு நிமிடம் கொடுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்: தையல் துளையில் முதலில் ஒரு கடுகளவு மினுமினுப்பு, அது உருண்டு, பக்கத்துத் துளையின் துளியோடு சேர்ந்து, நூலைப் பிடித்துக்கொண்டு நகரும். அது கிளம்பிய துளையைச் சாக்பீஸால் குறியுங்கள். ஒழுகல் அங்கேதான்.

துளித்துளியாகத் தையல் வரிசையிலேயே வந்தால் ஊசித் துளைகள்தான் காரணம். பிவிசி துணியில் ஊசி போட்ட துளை தானாக மூடாது. பிவிசிக்கு என்றே வரும் பசையைச் சிறு தூரிகையால் தையல் மேல் மெல்லியதாக இரண்டு பூச்சு தடவுங்கள், வெளிப்பக்கம், துணி உலர்ந்திருக்கும்போது. சிலிக்கோன் பசை வேண்டாம். பிவிசியில் அது நாளடைவில் தோல் மாதிரி உரிந்துவரும். உரிந்த பின்பும் விட்டுப்போகும் படலத்தின் மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. சாதாரண பாலிஎத்திலீன் தார்ப்பாயில் பசைகள் அனேகமாக எதுவும் நிற்காது. அதற்குப் பியூட்டைல் ரப்பர் ஒட்டுப்பட்டைதான் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

பருத்தி கேன்வாஸ் புதிதாக இருக்கும்போது ஒழுகினால் பதற வேண்டாம். ஒன்றிரண்டு முறை நன்றாக நனைந்து காய்ந்தால் நூல் உப்பித் துளையை அடைக்கும். அப்படியும் நிற்காவிட்டால் தையல் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி உருகவிடுங்கள். இன்னொன்று, நனைந்த கேன்வாஸின் அடிப்பக்கத்தில் விரலோ பையோ பட்டால் அந்த இடத்தில் நீர் உள்ளே இறங்கத் தொடங்கும். வளைவில் அழுந்தும் கோட்டில் மட்டும் ஈரம் என்றால் இதுதான் விஷயம்.

தையல் சரியாக இருந்தும் ஓட்டத்தில் மட்டும் ஒழுகுகிறதா? மூட்டு திரும்பியிருக்கிறது. மீன் செதில் எப்படி அடுக்கியிருக்கும் என்று பாருங்கள்: முன்னது மேலே, பின்னது கீழே. கூரையிலும் முன்துண்டின் ஓரம் பின்துண்டின் மேல் வர வேண்டும். திருப்பித் தைத்திருந்தால் எதிர்க்காற்று மழையை அந்தச் சந்துக்குள் ஊதிவிடும். பிரித்துத் தைக்க மனமில்லை என்றால் மூட்டின் மேல் 5 செ.மீ. பட்டை ஒன்றைப் பசைபோட்டு ஒட்டி மூடிவிடலாம். புதிதாகத் தைக்கும்போது இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டால் இந்தத் தலைவலி பாதி குறையும். ஜீன்ஸ் கால்சட்டையின் கால் மூட்டில் பார்ப்பீர்களே, அந்தத் தையல்.

மழையே இல்லாத காலையில் கூரையின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் இருந்தால் அது ஒழுகல் அல்ல, வியர்வை. உள்ளே படுத்திருந்தவர்களின் மூச்சு குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டுப் படிந்தது. பின் ஜன்னலைக் கையகலம் திறந்துவைத்துத் தூங்குங்கள்.

ஐலெட் பிடுங்கிக்கொண்டு வருகிறது, மூலை கிழிகிறது

என் இரண்டு கூரையும் செத்தது இதில்தான். ஐலெட் துணியைப் பிடித்துக்கொள்வது நான்கைந்து மி.மீ. வளையத்தால். ஒற்றைத் துணியில் அடித்தால் பிய்ந்துதான் தீரும். ஓரத்தை மூன்று மடிப்பாக்கி, உள்ளே நாடா ஒன்றையும் வைத்துத் தைத்த பிறகு அந்த நாடாவையும் சேர்த்துத் துளைத்து அடியுங்கள். பித்தளை ஐலெட், அடிவளையத்தில் பற்கள் உள்ளதாக இருந்தால் நல்லது. துளையைப் பெரிதாகக் கத்தரிக்காதீர்கள். ஐலெட் கழுத்து தள்ளி நுழைகிற அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும்.

பிய்ந்த ஐலெட்டின் துளையைக் கையிலெடுத்துப் பாருங்கள். வட்டம் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அந்தத் திசையில்தான் இழுவை வந்திருக்கிறது. ஓரத்துக்குச் செங்குத்தாக நீண்டிருந்தால் வெறும் அதிகப் பாரம். 15, 20 செ.மீ.க்கு ஒன்று என்று ஐலெட்டைக் கூட்டினால் சரியாகும். சாய்வாக நீண்டிருந்தால் கயிறு கோணலாக இழுக்கிறது. ஐலெட்டைக் கூட்டிப் பயனில்லை, வண்டியில் கொக்கியின் இடத்தை மாற்ற வேண்டும். எனக்கு மூலை மூலையாகக் கிழிந்தது இந்தக் கோணல் இழுவையால்தான். கொக்கியை நான்கு விரல் பின்னால் தள்ளி வைத்ததும் நின்றுவிட்டது.

மூலைகளில் முக்கோண ஒட்டுத் துணி இரண்டு அடுக்கு வையுங்கள். ஒட்டின் ஓரத்தை வளைவாக வெட்டுங்கள். கூர்முனை இருந்தால் கிழிசல் அங்கிருந்தே தொடங்கும்.

டிச் பட்டன் கழன்று வந்தால் பெரும்பாலும் கழற்றும் பழக்கம்தான் காரணம். துணியைப் பிடித்து இழுக்காமல் பட்டனின் அடியில் விரலை விட்டு நெம்புங்கள். வண்டித் தகட்டில் பட்டனுக்காகத் துளைத்த துளைகளின் ஓரத்தில் திருகும் முன் பெயின்ட் தொட்டு வைக்க மறக்க வேண்டாம், துரு அங்கேதான் குடியேறும்.

தைக்கும்போதே தகராறு

தையல் தாவுகிறது என்றால் முதலில் ஊசியை மாற்றுங்கள். பழைய ஊசியோடு மல்லுக்கட்டுவதில் பொழுது போய்விடும். டெக்ஸ் என்பது நூலின் தடிமனைச் சொல்லும் எண். டெக்ஸ் 70 பாலியஸ்டர் நூலுக்கு 18ஆம் எண் ஊசி, அதாவது 110. டெக்ஸ் 90 நூலுக்கு 20ஆம் எண், அதாவது 125. பல வீட்டு மிஷின்கள் டெக்ஸ் 70க்கு மேல் திணறும். பருத்தி நூல் மழையில் உளுத்துப்போகும். நைலானை வெயில் பாலியஸ்டரைவிடச் சீக்கிரம் தின்றுவிடும்.

அடியில் நூல் கூடு கட்டினால் கோளாறு பெரும்பாலும் மேலே இருக்கும். மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் வெளியே ஓடியிருக்கும். துணியை அழுத்தும் மிஷின் பாதத்தைத் தூக்கிவைத்து மறுபடி நூலைக் கோர்த்துவிடுங்கள்.

மேல்துணி நகராமல் அடித்துணி மட்டும் போனால், அதாவது ஒரு மீட்டர் தைத்து முடிக்கும்போது இரண்டு ஓரத்துக்கும் ஒரு செ.மீ. வித்தியாசம் வந்தால், பிவிசி பாதத்தில் ஒட்டிக்கொள்கிறது. துணி மேல் டிஷ்யூ தாளை விரித்து அதன் மேலேயே தைத்து, பிறகு கிழித்தெடுங்கள். குண்டூசி குத்தாதீர்கள், குத்திய துளை நிரந்தரம். காகிதம் கவ்வும் கிளிப்போ இரட்டைப்பக்க டேப்போ போதும். தையல் நீளம் 4, 5 மி.மீ. இருக்கட்டும். பொடித்தையல் வலுவானது என்று நினைத்து நெருக்கிப் போட்டால், தபால்தலை ஓரம் மாதிரி துளை வரிசையிலேயே கிழிந்துவரும்.

காலையில் பட்டன் எட்டவில்லை, மதியம் தொங்குகிறது

பிவிசி குளிரில் சுருங்கி விறைக்கும், வெயிலில் இளகி நீளும். உச்சி வெயிலில் அளந்து வெட்டியிருந்தால் குளிர்காலைக்கு எட்டாது, குளிரில் அளந்திருந்தால் வெயிலில் தொங்கும். மிதமான வெயிலில், துணி கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது அளந்து மாட்டுங்கள். எட்டாத காலையில் முழங்காலை வைத்து மல்லுக்கட்டினால் ஐலெட்தான் போகும். அரை மணி வெயிலில் விரித்துப்போட்டால் தானே வழிக்கு வரும். இரண்டு பருவத்துக்கும் பொருந்த வேண்டுமானால் பின்விளிம்பில் பட்டனுக்குப் பதில் பக்கிள் நாடா வைப்பதே நிம்மதி. கேன்வாஸ் என்றால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை முழுக்க நனைத்துக் காயவிடுங்கள். முதல் நனைவில் அது சுருங்கும் சுருக்கம், தைத்த பின் வந்தால் தாங்காது.

பிளாஸ்டிக் ஜன்னல் மங்கல், நெளிவு, விரிசல்

மங்கலைத் தொட்டுப் பார்த்தால் வகை தெரிந்துவிடும். நகத்துக்குத் தட்டுப்படும் மெல்லிய கோடுகள் என்றால் புழுதியோடு உலர்ந்த துணியால் துடைத்த கீறல். பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் ஓரளவு தெளியும். இனிமேல் முதலில் தண்ணீரை ஊற்றிப் புழுதியை அடித்துவிட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட மெல்லிய துணியால் மட்டும் துடையுங்கள். வழவழப்பாக இருந்தும் பால் மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோலோ தின்னரோ அமோனியா கலந்த கண்ணாடித் திரவமோ பட்டிருக்கலாம். மஞ்சளாக முறுகியிருந்தால் வெயில் தின்றது. இந்த இரண்டும் திரும்பாது, துண்டை மாற்றுங்கள். பின்னால் வருவது தெரியாத ஜன்னலோடு ஓட்டுவது ஆபத்து.

வளைவுக்குழாய் ஜன்னலைத் தொடும் இடத்தில் மட்டும் பழுப்புக் கோடு விழுந்திருந்தால், வெயிலில் கொதிக்கும் இரும்பு சுட்டிருக்கிறது. குழாய்க்குத் துணி உறை தைத்துப் போடுங்கள்.

மடித்த இடத்தில் விரிசலா? இந்தப் பிளாஸ்டிக்கை மடிக்கவே கூடாது. நடுவில் பழைய மென்துணி வைத்துச் சுருட்டுங்கள், அதுவும் குளிர்ந்து விறைத்திருக்கும்போது வேண்டாம். புதிதாகப் போடுவதாக இருந்தால் சிறு ஜன்னலுக்கு 0.5 மி.மீ. தடிமன் போதும், பின்பக்கப் பெரிய ஜன்னலுக்கு 0.75 மி.மீ. நன்றாக நிற்கும். நெளிவு வராமலிருக்க ஒரு வழி: துணியில் முதலில் ஜன்னல் துளையை வெட்டாதீர்கள். முழுத்துணியின் மேல் பிளாஸ்டிக்கை வைத்து நாலு பக்கமும் தைத்து முடித்த பிறகு, பின்னாலிருக்கும் துணியை மட்டும் கத்தரித்து எடுங்கள். துணி விறைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதால் பிளாஸ்டிக் ஆற்று நீர் மாதிரி அலையாது.

உள்ளே புழுதி, புகை நாற்றம், தலைவலி

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். ஓடும் வண்டியின் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பை உருவாகிறது. சக்கரம் கிளப்பிய புழுதியும் புகைக்குழாயின் புகையும் அங்கே சுழல்கின்றன. முன்பக்கம் அடைத்து, பின்பக்கம் திறந்திருந்தால் அவை அப்படியே உள்ளே வரும். புழுதி வருகிற வழியில் கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஓட்டும்போது யாருக்காவது தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கக் கலக்கம் என்றால் உடனே நிறுத்தி இறங்கிக் காற்று வாங்குங்கள். புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா, அதன் வாய் வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி கூரையை மூடி ஓட்டக்கூடாது. நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுக் கூரைக்குள் தூங்குவதும் அதே ரகம்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காண, பின்வாசலில் கையளவு கம்பளி நூல்களை நாலைந்து இடத்தில் ஒட்டி, யாரையாவது பார்க்கச் சொல்லி மெதுவாக ஓட்டுங்கள். நூல் உள்நோக்கி ஆடினால் புகையும் உள்நோக்கித்தான். பின்பக்கத்தை முழுவதும் மூடுங்கள், அல்லது முன்னால் காற்று நுழைய வழி விட்டு, உள்ளிருந்து பின்னுக்கு ஓடும்படி செய்யுங்கள். இங்கே ஒரு சங்கடம் உண்டு. கூரை உப்புவதைத் தடுக்கப் பின்னால் திறந்துவிடலாமே என்று முதல் கோளாறைப் படிக்கும்போதே தோன்றியிருக்கும். அப்படித் திறந்தால் இந்தக் கோளாறு வரும். நான் நாடாவையும் வளைவையும் வைத்து உப்பலை அடக்கிவிட்டு, பின்பக்கத்தை மூடியே வைத்திருக்கிறேன்.

ஜிப் நகரவில்லை

மணல். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, மெழுகுவர்த்தியைப் பல்லின் மேல் ஓட்டுங்கள். எண்ணெய் விட்டால் மணல் இன்னும் ஒட்டும். ரன்னர் நகர்ந்தும் பின்னாலேயே பல் பிரிந்தால் ரன்னர் வாய் விரிந்திருக்கிறது. குறடால் இரண்டு பக்கமும் மயிரிழை அழுத்திப் பாருங்கள். ஜிப் பாம்பு மாதிரி நெளிந்தால் தைக்கும்போது துணியை இழுத்துப்பிடித்துத் தைத்திருக்கிறீர்கள், பிரித்துத்தான் ஆக வேண்டும். அடுத்தமுறை 10ஆம் எண், தனித்தனிப் பல்லாக வார்த்த பிளாஸ்டிக் ஜிப்பாக வாங்கி, மேலே ஒரு மூடுபட்டை வையுங்கள்.

தேய்மானம், பூஞ்சை, உதிரல்

வளைவும் போல்ட் தலையும் படும் இடத்தில் துணி வெளுத்து மெலிந்தால் ஓட்டை விழும்வரை காத்திருக்காமல் உள்பக்கம் ஒட்டு போடுங்கள். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி வளைவின் மேல் சுற்றினால் தேய்மானமும் சத்தமும் சேர்ந்து குறையும். அங்கே அடிக்கடி தேய்கிறது என்றால் துணி அந்த இடத்தில் நகர்கிறது என்று பொருள், அதாவது பழைய தொய்வுக் கதைதான்.

கரும்புள்ளிகளும் ஈரவாடையும் ஈரத்தோடு மடித்ததன் கூலி. மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். பிளீச் கேன்வாஸின் நூலையும் தையலையும் சேர்த்து அரிக்கும். மழையில் கழற்றினால் வீடு வந்ததும் விரித்துக் காயவைத்த பிறகே சுருட்டுங்கள்.

தார்ப்பாயின் மேல்தோல் செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே பின்னல் நூல் தெரிகிறதா? அதற்கு மருந்தில்லை, வெயில் தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் குப்பையில் போடாதீர்கள். தையல்களைப் பிரித்துத் துண்டு துண்டாக எடுத்து, புதுத்துணி மேல் விரித்து அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போட்ட சாக்பீஸ் வட்டங்களை அழிக்காமல் வைத்திருந்தால், புதுத்துணியை வெட்டும்போது எந்த ஓரத்தில் ஒரு விரல் குறைக்க வேண்டும் என்பதை அவையே சொல்லும்.